ஐந்துக்கு மூன்று

“கீயில எங்க சார் இருக்கு?” என்று விடைத்தாள் திருத்தும் இடத்தில் முதன்மைத் தேர்வாளர் மேடம் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை. கீயில் இல்லைதான். ‘குப்தர் காலம் பொற்காலம் - விளக்குக’ என்ற வினாவுக்கு எங்கள் கையில் இருந்த விடைக்குறிப்பில், அதாவது கீயில், காளிதாசர், ஆரியபட்டர், மெஹ்ரோலி இரும்புத்தூண், அஜந்தா, தங்கக் காசுகள் என்று வரிசையாகப் போட்டிருந்தது. ஐந்து குறிப்பு, ஐந்து மதிப்பெண். நான் திருத்திய தாளில் ஒரு பிள்ளை இவ்வளவையும் இரண்டே வரியில் அள்ளிப் போட்டுவிட்டு, மீதிப் பக்கத்தில் வேறு வேலை பார்த்திருந்தது.

மக்கள் வளமாக இருந்தார்கள், தலைவரி கிடையாது என்று எழுதிய அதே சீனப் பயணி பாஹியான், தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட சண்டாளர்கள் ஊருக்கு வெளியே இருந்தார்கள், சந்தைக்குள் வந்தால் கட்டையைத் தட்டிக்கொண்டு வரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். மத்தியப் பிரதேசத்து எரணில் கிடைத்த கி.பி. 510ஆம் ஆண்டுக் கல்வெட்டு, போரில் செத்த கோபராஜனோடு அவன் மனைவியும் தீயில் இறங்கியதைச் சொல்கிறது. ஸ்கந்தகுப்தர் காலத்துக் காசில் தங்கத்தின் தரம் குறைந்தது. இவ்வளவும் எழுதி, ‘எனவே யாருக்குப் பொற்காலம் என்று கேட்க வேண்டும்’ என்று முடித்து, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருந்தது.

நான் நாலு போட்டேன். மேடம் இரண்டாக்கச் சொன்னார்.

“சார், ‘விளக்குக’ன்னுதான் கேட்டிருக்கு. சரியா தப்பான்னு கேக்கல. பக்கத்துப் பேப்பர்ல ஒரு பிள்ளை அஞ்சு பாயிண்டும் உள்தலைப்பு போட்டு எழுதியிருக்கு. ராத்திரியெல்லாம் முழிச்சுப் படிச்ச அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வீங்க?”

“அதுக்குத்தான் அஞ்சு போட்டாச்சே மேடம்.”

“நீங்க நாலு போடுவீங்க, அடுத்த டேபிள்ல ஒண்ணு போடுவாங்க. மறுமதிப்பீட்டுக்கு வந்தா யாரு பதில் சொல்றது?”

கடைசியில் மூன்று என்று படிந்தது. காய்கறிக் கடையில் பேரம் பேசிய மாதிரி இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தோம்.

மேடம் சொன்னதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. வருஷத்தில் பாதி நாள் வரலாற்று ஆசிரியரே இல்லாத பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைக்குக் கீதான் பாதுகாப்பு. திருத்துகிறவருக்கு என்ன பிடிக்கும் என்று ஊகிக்க வேண்டாம். புத்தகத்தில் உள்ளதை எழுதினால் மதிப்பெண் நிச்சயம். என்னைப் போல் ஒருவர் எரண் கல்வெட்டைப் பார்த்துச் சொக்கிப்போய் மதிப்பெண் அள்ளிக் கொடுத்தால், அது அந்த விடைத்தாளின் அதிர்ஷ்டம். அதற்குப் பேர் நியாயமா?

ஆனால் கீ மட்டும் என்ன யோக்கியம்? அஜந்தாவின் 16ஆம் குகையைக் குடைவித்தவர் வராகதேவர். அவர் தக்காணத்தை ஆண்ட வாகாடக மன்னர் ஹரிசேனரின் அமைச்சர். குப்தர் கணக்கில் அது எப்படிச் சேர்ந்தது? ஆரியபட்டரின் நூலான ஆரியபட்டீயம் கி.பி. 499ஐ ஒட்டியது. படையெடுத்து வந்த ஹூணர்களிடம் அடிமேல் அடி வாங்கிப் பேரரசு உதிர்ந்துகொண்டிருந்த நேரம் அது. அதையும் குப்தர் சாதனையாகவே வரவு வைக்கிறோம். இதையெல்லாம் யாரும் “எங்க சார் இருக்கு?” என்று கேட்பதில்லை.

இந்தப் பதில் அப்போது வாயில் வரவில்லை, பஸ்ஸில் வரும்போதுதான் வந்தது. வந்திருந்தாலும் மேடம் அசைந்திருப்பாரா என்பது சந்தேகம்.

அந்த விடையையும் நான் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளத் தேவையில்லைதான். கடைசி வரி ஏதோ கோச்சிங் வகுப்பில் காதில் விழுந்ததாகவும் இருக்கலாம். பாஹியானை அது நம்பிய விதமும் கொஞ்சம் இடிக்கிறது. பௌத்த நூல்களைத் தேடி வந்தவர் அவர். இத்தனை எழுதியும், நாட்டை ஆண்ட அரசனின் பேரைக்கூட எழுதவில்லை. தவிர, பெருமை ஒரு பக்கம், கொடுமை ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பதே நம் காலத்துப் பழக்கமோ என்றும் தோன்றுகிறது. அலகாபாத்தில் அசோகரின் தூணிலேயே சமுத்திரகுப்தரின் அவைப் புலவர் ஹரிசேனர் (வாகாடக மன்னர் இல்லை, இவர் வேறு) எழுதிய மெய்க்கீர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இசையில் தும்புருவையும் நாரதரையும் வெட்கப்பட வைத்தவர் என்று சமுத்திரகுப்தரைப் புகழ்வதும் அதுதான். ஆரியவர்த்த (வட இந்திய) அரசர்களை வேரோடு பிடுங்கினார், காட்டு அரசர்களையெல்லாம் ஏவலாளாக்கினார், காஞ்சி விஷ்ணுகோபனைப் பிடித்து விட்டுவிட்டார் என்பதும் அதுதான். ஒரே மூச்சில், ஒரே பெருமிதத்தில். சமுத்திரகுப்தர் வீணையோடு உட்கார்ந்திருக்கும் தங்கக் காசை மட்டும் பாடப்புத்தகத்துக்கு எடுத்துக்கொண்டு மீதியை விட்டது நாம்தான்.

அப்படியானால் பிள்ளை கேட்ட கேள்வி ஹரிசேனருக்கே புரிந்திருக்காது. அதற்காக அதைக் கேட்கக் கூடாது என்று ஆகுமா? கட்டையைத் தட்டிக்கொண்டு நடந்தவனுக்குப் புரிந்திருக்குமே. ஒரு மதிப்பெண்ணுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவானேன் என்று வீட்டில் சொன்னார்கள். அந்த ஒன்று போனதால் எந்தப் பிள்ளையின் கல்லூரி இடமும் போயிருக்காது என்று நானும் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வருஷம் அதே பாடம் நடத்தும்போது பாஹியானின் இரண்டு செய்தியையும் சொன்னேன். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, “ரெண்டாவதையும் எழுதினா மார்க் உண்டா சார்?” என்றாள். முதலில் ஐந்து பாயிண்டையும் உள்தலைப்போடு எழுதி முடி, நேரம் இருந்தால் இதையும் எழுது என்றேன். மேடம் கேட்டிருந்தால் சபாஷ் என்றிருப்பார். அந்தப் பெண் நோட்டில் முதல் ஐந்தை மட்டும் எழுதிக்கொண்டாள்.