‘கெட்’ என்ற சொல்லும் புடாபெஸ்ட் வாழ்க்கையும்

வேலைக்காகப் புடாபெஸ்டுக்குக் குடிவந்த என்னைப் போன்றவர்கள் ஹங்கேரிய மொழியை ஆங்கிலத்தின் வழியாகவே படிக்கத் தொடங்குகிறோம். ஆங்கிலத்தில் பெறுவது, வண்டியில் ஏறுவது, இறங்குவது, புரிவது, சளி பிடிப்பது என எதற்கெடுத்தாலும் கைகொடுக்கும் ‘கெட்’ (get) என்ற சின்னச் சொல் இங்கே பல துண்டுகளாகச் சிதறிவிடுகிறது.

வகுப்பில் முதலில் சொல்லித்தருவது ‘கப்’, அதாவது பெறுதல். கடிதத்துக்கும் சம்பளத்துக்கும் அது பொருந்தும், டிராமுக்கு உதவாது. 4, 6 எண் டிராம்களில் ஏறுவது ‘ஃபெல்ஸால்’, இறங்குவது ‘லெஸால்’. ‘ஸால்’ என்றால் பறத்தல். முன்னால் நிற்கும் ‘ஃபெல்’ மேலேயும் ‘லெ’ கீழேயும் காட்டுகின்றன. புரிகிறது என்பதற்கு ‘ஏர்த்தெம்’. சளி பிடித்துவிட்டால் ‘மெக்ஃபாஸ்தம்’. அதற்குள் இருப்பது குளிரெடுத்தலைக் குறிக்கும் வினை.

திருமணத்துக்கு வந்தால் கணக்கு இன்னும் நுட்பமாகிறது. எங்கள் மாடியில் குடியிருக்கும் மூதாட்டி, தம் பேரனுக்கும் பேத்திக்கும் ஒரே ஆண்டில் திருமணமானதைச் சொன்னபோது இருவருக்கும் வெவ்வேறு சொற்களைப் பயன்படுத்தினார். பேரன் ‘மெக்னோஷுல்ட்’, அதில் பெண்ணைக் குறிக்கும் ‘நோ’ ஒளிந்திருக்கிறது. பேத்தியோ ‘ஃபேர்ஹெஸ் மென்ட்’, சொல்லுக்குச் சொல் ‘கணவனிடம் போனாள்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘கெட்’ போட்டு முடித்துவிடலாம். பெண் எடுப்பதையும் வாழ்க்கைப்படுவதையும் கேட்டு வளர்ந்த காதுக்கு, அது சரியா தவறா என்ற வழக்கு ஒருபுறமிருக்க, இந்த வேறுபாடு உடனே பிடிபட்டது.

அதன் பிறகுதான் நடுவிலிருக்கும் ஆங்கிலத்தை நீக்கிவிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். வதிவிட அனுமதி அட்டைக்காகக் காத்திருந்த நாட்களில், வந்துவிட்டதா என்று அலுவலகத் தோழர் கேட்பார். ‘கப்தம்’ என்றால் கிடைத்தது. ‘மெக்கப்தம்’ என்றால், எதிர்பார்த்திருந்தது கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. ‘மெக்’ என்ற முன்னொட்டுக்கு ஆங்கிலப் பாடநூல் அரைப்பக்க விளக்கம் தருகிறது. ‘கிடைத்துவிட்டது’ என்பதில் வரும் ‘விடு’ செய்யும் வேலையைத்தான் பல இடங்களில் அதுவும் செய்கிறது. நம்முடையது பின்னால் நிற்கிறது, அவர்களுடையது முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான். இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று இதைக் கொண்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஹங்கேரியம் யூராலியக் குடும்பத்தைச் சேர்ந்தது.

தமிழும் கைவிடும் இடம் ரொட்டிக்கடை. பிறை வடிவ ரொட்டி இரண்டு வேண்டுமென்றால் ‘கேத் கிஃப்லித் கேரெக்’. ‘இரண்டு பழம்’ என்று நாம் சொல்வதைப் போலவே எண்ணுக்குப் பின் பன்மை கிடையாது. கடைசியில் ஒட்டும் ‘த்’ நம் ‘ஐ’ உருபுதான். இதுவரை சுகம். ஆனால் கண்ணாடிக்குள் இருக்கும் ஒன்றைச் சுட்டிக்காட்டி ‘இதைக் கொடுங்கள்’ என்று கேட்கும்போது ‘எஸ்த் கேரெம்’ என வினையே மாறிவிடுகிறது. கேட்கும் பொருள் இன்னதென்று குறிப்பாக இருந்தால் வினைக்கு வேறு விகுதி. ‘கப்’ உட்பட எல்லாச் செயப்படுபொருள் குன்றா வினைகளுக்கும் இதே விதி. இதற்கு ஆங்கிலத்திலும் துணையில்லை, தமிழிலும் துணையில்லை. வரிசையில் நிற்கும்போதே விகுதியை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.