பயாப்சியில் ‘பினைன்’ என்று வந்த பிறகு

மார்புக் கட்டிக்குப் பயாப்சி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்து ‘பினைன்’, அதாவது புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்ததும் பலர் ஃபைலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். நிம்மதி நியாயமானதுதான். ஆனால் ஒரு கேள்வி இன்னும் பாக்கி: ஊசியில் வந்த சதையும் ஸ்கேனில் தெரிந்த கட்டியும் ஒத்துப்போகின்றனவா?

ஊசி முழுக் கட்டியையும் எடுப்பதில்லை, சில துணுக்குகளைத்தான் எடுக்கிறது. விளிம்பு சீரான நீள்வட்டக் கட்டிக்கு ஃபைப்ரோஅடினோமா (புற்று அல்லாத ஒரு வகைக் கட்டி) என்று முடிவு வந்தால் பொருத்தம் சரி. முள் முள்ளாக விளிம்பு நீட்டிய கட்டிக்கு ‘சாதாரண மார்புத் திசு’ என்று வந்தால் சரியில்லை. ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கலாம். அப்போது ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. மறுபடி பயாப்சி செய்ய வேண்டும், அல்லது அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்துப் பார்க்க வேண்டும். படத்தில் தெரிந்த கால்சியத் துகள்களுக்காகச் செய்த பயாப்சி என்றால், எடுத்த துணுக்குகளை எக்ஸ்ரே பிடித்துத் துகள் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பேத்தாலஜி (துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த) ரிப்போர்ட்டிலும் கால்சியம் பற்றி ஒரு வரி இருக்க வேண்டும். “டாக்டர், ஸ்கேனும் பயாப்சியும் கன்கார்டன்டா?”, அதாவது ஒத்துப்போகின்றனவா, என்று நேராகவே கேளுங்கள். ரிப்போர்ட்டில் ‘ஏடிப்பிக்கல்’ (செல்கள் இயல்புக்கு மாறாக இருக்கின்றன) என்ற சொல் தென்பட்டால் சர்ஜனைப் பார்க்காமல் விடாதீர்கள்.

எல்லாம் ஒத்துப்போனால் அடுத்த படம் பொதுவாக 6 முதல் 12 மாதத்துக்குள். எது என்பதைக் கட்டியின் வகையைப் பார்த்து டாக்டர் சொல்வார். ஃபைப்ரோஅடினோமா போலத் தெளிவான முடிவென்றால் சில இடங்களில் நேரே வருடாந்திரச் சோதனைக்கே அனுப்பிவிடுவார்கள். பயாப்சியே செய்யாமல் பை-ராட்ஸ் 3 (படத்தைப் பார்த்து ‘அநேகமாகப் புற்று இல்லை’ என்று தரும் தரம்) என்று கண்காணிப்பில் வைத்தவர்களுக்கு 6, 12, 24 மாதம் என்று கணக்கு வேறு. பக்கத்து வீட்டு அக்காவின் தேதியை உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். அவசரப்பட்டு இரண்டு மூன்று வாரத்திலேயே ஸ்கேன் எடுப்பதிலும் பயனில்லை: ஊசி போன இடத்தில் கட்டிய இரத்தமே புதுக் கட்டி போலத் தெரிந்து பயமுறுத்தும்.

அளவில்தான் அதிகக் குழப்பம். ரிப்போர்ட்டில் ‘வலது, 10 மணி, காம்பிலிருந்து 4 செ.மீ.’ என்று கடிகார முள் கணக்கில் இடமும், பக்கத்தில் 14 × 9 × 12 மி.மீ. என்று மூன்று அளவும் இருக்கும். அடுத்த முறை 14 என்பது 15 ஆனால் கலங்க வேண்டாம். அளக்கும் கை மாறினாலே அவ்வளவு மாறும். ஆறு மாதத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 14 மி.மீ. 17 ஆனால், மறுபடி விசாரிக்க வேண்டும்.

இதை ஒப்பிட்டுச் சொல்லப் பழைய படம் வேண்டும், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. கோலாலம்பூரில் பயாப்சியை அரசாங்க மருத்துவமனையில் முடித்துவிட்டு, அடுத்த ஸ்கேனைத் தனியாரில் எடுப்பவர்கள் ஏராளம். உங்கள் படங்கள் தாமாக அங்கே போய்ச் சேரும் என்று நம்பியிருக்காதீர்கள். படங்கள் உள்ள சிடி, பேத்தாலஜி ரிப்போர்ட், கிளிப் வைத்தார்களா என்ற குறிப்பு, மூன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளிப் எள்ளளவு உலோகம்தான். பயாப்சி செய்த இடத்தை அடுத்த மேமோகிராமில் (மார்பு எக்ஸ்ரேயில்) அதுதான் காட்டிக்கொடுக்கும்.

மேமோகிராம் நாளன்று பவுடர், டியோடரன்ட், களிம்பு எதுவும் மார்பிலும் அக்குளிலும் வேண்டாம். அவை படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து கால்சியம் போலவே ஏமாற்றும். மாதவிடாய் இருப்பவர்கள், அது தொடங்கியதிலிருந்து 7 முதல் 10 நாளுக்குள் தேதி கேட்டால் அழுத்தும்போது வலி குறைவு.

இடையில் கட்டி பெருத்தாலோ, தோல் குழிந்தாலோ, காம்பு உள்ளிழுத்தாலோ, காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலோ, அக்குளில் புது வீக்கம் தட்டுப்பட்டாலோ, கொடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.