தவளையிலிருந்து திரைக்கு

எங்களுக்கு விலங்கியல் நடத்திய பேராசிரியர் இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். நாகர்கோவிலில் அவரிடம் படித்தவர்களுக்கு வகுப்பறையைவிடச் சுசீந்திரம் தேரூர் குளக்கரைதான் நினைவில் இருக்கும். (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற அதே நீர்நிலை.) பிறகு பாடத்திட்டக் குழு, தேர்வுப் பணி என்று நிர்வாகம் அவரை விழுங்கிவிட்டது. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விலங்குகளை அறுத்துப் பார்க்கும் செய்முறையைப் படிப்படியாகக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2011இல் வழிகாட்டியது. 2014இல் முற்றிலும் நிறுத்தச் சொன்னது. பலர் முணுமுணுத்தார்கள். சார் மட்டும் கணினி ஆய்வகச் சாவியை வாங்கிவந்து, அமிர்தா பல்கலைக்கழகத்தின் மெய்நிகர் ஆய்வகப் பயிற்சிகளை மாணவர்களுக்குத் திறந்து காட்டினார். மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயம் படிப்புகளுக்கு ஒரு பருவத்தில் 40 சதவீதம் வரை கிரெடிட் தரலாம் என்று 2021இல் விதி வந்ததும், அதைக் கல்விக் குழுவில் நிறைவேற்ற வைத்தவரும் அவரே. குளச்சல், தேங்காய்ப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள் இணையத்தில் படித்த பாடம் மதிப்பெண் பட்டியலில் ஏற வேண்டும் என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

சார், இனியாவது மணக்குடி அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப்போங்கள். கோப்பு எதையும் கொண்டுவர வேண்டாம்.