தீ அங்கே, புகை இங்கே

அண்டை நாடுகளுடனான ஒத்துழைப்பைக் கவனிக்கும் அமைச்சர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, தலைவர்கள் கைகோத்து நிற்கும் படம்தான். கோலாலம்பூரில் அரசுப் பணியில் இருந்தபோது தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் கூட்டங்களுக்குக் குறிப்பு தயாரிக்கும் வேலை எனக்கு அமைந்தது. பக்கத்திலிருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: இவ்வளவு பெரிய பொறுப்போடு இவ்வளவு குறைந்த அதிகாரம் உள்ள பதவி வேறு எதுவும் எனக்குத் தெரியாது. கல்வி அமைச்சரிடம் பள்ளிகள் இருக்கின்றன. இவரிடம் எதுவும் இல்லை. எல்லை தாண்டி வரும் சிக்கல் இவர் மேசைக்கு வரும். அதைத் தீர்க்கும் ஆட்களும் பணமும் வேறு அமைச்சுகளின் கையில்.

அண்டை நாட்டுக் காட்டுத்தீயால் மலேசியாவை மூடும் புகைமூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தடுக்கும் ஆசியான் ஒப்பந்தம் 2002 ஜூன் 10 அன்று கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது. மறு ஆண்டே நடைமுறைக்கும் வந்தது. ஆனால் அதிகம் எரியும் காடுகள் உள்ள இந்தோனேசியாவின் நாடாளுமன்றம் அதை ஏற்றது 2014 செப்டம்பரில். இடையில் 2005 ஆகஸ்ட்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்க வேண்டியிருந்தது. 2015-இல் மறுபடி பள்ளிகளை மூடினோம். "அமைச்சர் என்னதான் செய்கிறார்?" என்று மக்கள் கேட்டார்கள். மூச்சுத் திணறும் பிள்ளையை வைத்திருக்கும் தாய் கேட்கத்தான் செய்வாள்.

அவர் இந்தோனேசிய அரசிடம் முறையிடலாம், கட்டளையிட முடியாது. ஆசியான் சாசனப்படி முடிவுகள் கலந்து பேசி, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான். அப்புறம், முறையிடப் போனால் பதிலும் தயாராக இருக்கும். 2019-இல் தீப்பிடித்ததற்காக இந்தோனேசியா முத்திரையிட்டு மூடிய தோட்டங்களில் மலேசிய நிறுவனங்களின் கிளைகளும் இருந்தன. ஆக, அண்டை நாட்டு அமைச்சரிடம் பேசுவதற்கு முன் நம் தோட்டத் தொழில் அமைச்சிடமும் சுற்றுச்சூழல் அமைச்சிடமும் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். என் அனுபவத்தில் கடினமான பேச்சுவார்த்தை அதுதான். வெளியே யாருக்கும் தெரியாது, படமும் எடுக்க மாட்டார்கள்.

முடியாத காரியம் என்று நான் நினைக்கவில்லை. 1967 ஆகஸ்ட் 8 அன்று பேங்காக்கில் ஆசியானைத் தொடங்கிய ஐவரில், மலேசியாவின் துன் அப்துல் ரசாக்கும் இந்தோனேசியாவின் ஆடம் மாலிக்கும் பிரதிநிதித்துவம் செய்த இரு நாடுகளுக்கு இடையிலான மோதல் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம். அவருடைய நாடு நம்மிடமிருந்து பிரிந்து இரண்டே ஆண்டுகள். வருத்தம் ஆறும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

தலைவர்களுக்குள் அப்படிப்பட்ட நெருக்கம் வளரக் காலம் வேண்டும். 2018 தொடங்கி 2023 முடிவதற்குள் இந்தப் பொறுப்பைக் கவனிக்கும் நம் வெளியுறவு அமைச்சர் ஐந்து முறை மாறினார். ஒவ்வொரு முறையும் அறிமுகத்திலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் புது அமைச்சருக்கான கோப்பில், எந்த நாடு எதை ஒத்துக்கொண்டது, அதில் எது இன்னும் நடக்கவில்லை என்ற பக்கத்தை நான் முதலில் வைப்பேன். வாழ்த்துரை கடைசியில்.