பாதிரியாரைத் தேடிப் போய் ஆட்டோக்காரரிடம் தோற்ற கதை

முதலில் பஸ்ஸைத் திட்டிவிடுகிறேன். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை இரவு முழுக்க ஏ.சி. தண்ணீர் என் இடது முழங்காலில் சொட்டியது. நடத்துனரிடம் முறையிட்டேன்; பழைய செய்தித்தாள் ஒன்றை நீட்டிவிட்டுப் போனார். விடியும்போது விளையாட்டுப் பக்கம் முழங்காலில் ஒட்டியிருந்தது.

இறங்கியதும் ஆட்டோ. மத்திய கல்லூரிக்கு ஆயிரம் ரூபாய். "பெற்றோல் விற்கிற விலை தெரியாதோ அண்ணை?" என்று கேட்டு, ஊரைச் சுற்றிக் காட்டி இறக்கிவிட்டார். திரும்பும்போது நடந்தேன். பத்தே நிமிடம்! இரண்டு நாளுக்கு ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு, பல் துலக்குவதற்கு முன்பே காலி.

இத்தனையும் பீட்டர் பேர்சிவலுக்காக. 1826இல் யாழ்ப்பாணம் வந்த வெஸ்லியன் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபைப் பாதிரியார். 1834இல் இந்த மத்திய கல்லூரிப் பள்ளிக்கூடம் அவர் கைக்கு வந்தது. நல்லூர் ஆறுமுகம், பின்னாளில் சைவத்துக்காக வாதாடிய ஆறுமுக நாவலர், பன்னிரண்டு வயதில் இங்கே சேர்ந்து, பிறகு இங்கேயே ஆசிரியராகி, பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்கினார். ஞாயிறு என்பதால் கேட் பூட்டியிருந்தது. மதிலோரம் நின்று பார்த்துவிட்டு வண்ணார்பண்ணைக்கு நடந்தேன்.

அங்குள்ள சிவன் கோயிலில்தான், 1847 கடைசியில், நாவலர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மிஷன் சம்பளம் வாங்கிக்கொண்டே! மேடையேறிப் பேசுவது, பள்ளி நடத்துவது, அச்சிட்டுப் பரப்புவது எல்லாம் பாதிரிகளிடம் பார்த்துப் பழகிய வித்தை. பேர்சிவலுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனாலும் 1848இல் இருவரும் சேர்ந்தே மொழிபெயர்ப்போடு சென்னைக்குப் போனார்கள். தமிழறிஞர் மழவை மகாலிங்கையர் படித்துப் பார்த்துத் தமிழ் நன்று என்றார். அதே ஆண்டில் நாவலர் வேலையை விட்டார். எனக்கு இந்த இரண்டு பேரையுமே பிடிக்கிறது. ஆனால் நாவலருக்குச் சிலை, பாதிரியாருக்கு அடிக்குறிப்பு என்பது அநியாயம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கிலத்தோடு 1874இல் அச்சேற்றியவர் அவர்.

எரிச்சலூட்டும் விஷயம் இனிமேல்தான். பேர்சிவல் பின்னாளில் மெதடிஸ்ட் சபையையே விட்டு ஆங்கிலிக்கன் சபைக்குப் போனார். சென்னையில் 'தினவர்த்தமானி' என்ற இதழை நடத்தினார், மாநிலக் கல்லூரியில் பாடம் சொன்னார், 1882இல் ஏற்காட்டில் இறந்தார். சேலத்தில் பஸ் ஏறினால் போதும். நான் கடல் தாண்டி வந்திருக்கிறேன்.

ஒடியல் கூழ் (காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது) இல்லாவிட்டால் அழுதிருப்பேன். நண்டு, இறால், பலாக்கொட்டை, பனையோலைப் பிளாவில் கொதிக்கக் கொதிக்க. உறைப்பில் மூக்கு ஒழுகியது. ஓலை நுனியில் சொட்டியதையும் விடவில்லை. இன்னொரு பிளா கேட்டேன், விலை கேட்கவில்லை.