ரோலர் முனை: யாங்கூன் நாட்குறிப்பு

ஏப்ரல் 2, 2025

கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஸ்டாடிக்ஸ், அதாவது அசையாமல் நிற்கும் பொருள்களின் விசைக் கணக்கு. ஒரே ஒரு பீம் (விட்டம்). நீளம் 6 மீட்டர். இடது முனை பின் (எந்தப் பக்கமும் நகராத கீல்), வலது முனை ரோலர் (பக்கவாட்டில் உருளும் தாங்கி). இடமிருந்து 3 மீட்டர் வரை மீட்டருக்கு 4 கிலோநியூட்டன் பரவிய சுமை. 4.5 மீட்டரில் 10 கிலோநியூட்டன் புள்ளிச்சுமை. பரவியதை 12 ஆகத் திரட்டி 1.5 மீட்டரில் வை. பின்னைச் சுற்றி மொமென்ட் (விசை × தூரம்): 18 + 45 = 63. ஆறால் வகுத்தால் ரோலரில் 10.5. மொத்தம் 22, மிச்சம் 11.5 பின்னில்.

வகுப்புப் பையன்கள் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். கழித்து வந்த விடை சரிபார்ப்பு ஆகாது; முதல் விடை தப்பென்றால் இதுவும் கூடவே தப்பும். ரோலரைச் சுற்றி மறுபடி எடுக்க வேண்டும்: 54 + 15 = 69, ஆறால் வகுத்தால் 11.5. இப்போது மூடலாம்.

ஏப்ரல் 3

சைன் 30 என்றால் −0.988 என்கிறது. கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல் ரேடியனில் நிற்கிறது.

ஏப்ரல் 5

மண்டலே பக்கத்து இன்வா பாலத்தின் படம்தான் கைபேசி முழுக்க. 1934இல் கட்டியது. 1942இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை இரண்டு கண்களைத் தகர்த்தது; 1954இல் சீராக்கினார்கள். மார்ச் 28 நிலநடுக்கத்தில் ஐராவதியில் இடிந்து விழுந்துவிட்டது.

தாளில் ரோலர் என்று வட்டம் போடும்போது எதை ஒப்புக்கொள்கிறோம்? செங்குத்தாக ஒரு விசை; பக்கவாட்டில் பூஜ்யம். வெயிலில் எஃகு நீள இடம் வேண்டுமே, அதற்காகத்தான் அந்தப் பூஜ்யம்: 100 மீட்டர் எஃகு 30 டிகிரி சூடேறினால் சுமார் 36 மில்லிமீட்டர் நீளும். தரையே நகரும் கணக்கு ஸ்டாடிக்ஸில் கிடையாது. மூன்று சமன்பாட்டை (பக்கவாட்டு விசை, செங்குத்து விசை, மொமென்ட்: ஒவ்வொன்றின் கூட்டலும் பூஜ்யம்) வைத்துக்கொண்டு இன்வா ஏன் விழுந்தது என்று தீர்ப்புச் சொல்வதை டீக்கடையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏப்ரல் 8

ட்ரஸ், அதாவது கம்பிகளை முக்கோணங்களாகப் பூட்டிய சட்டகம். எல்லாம் 3 மீட்டர் சமபக்க முக்கோணங்கள்: கீழே அ, இ, உ, மேலே ஆ, ஈ. நடு இ-யில் 12 கிலோநியூட்டன். இரு முனையிலும் 6. மூட்டு அ-வில் சாய்ந்த கம்பி 6 ÷ சைன் 60 = 6.93, அமுக்கம். கிடைக்கம்பி 3.46, இழுவை. மேல்கம்பிக்கு மூட்டு மூட்டாக நடக்க வேண்டாம். ட்ரஸைக் குறுக்கே வெட்டியதாக வைத்து, ஒரு பாதிக்கு மட்டும் இ-யைச் சுற்றி மொமென்ட்: 6 × 3 = 18, உயரம் 2.598, ஆக 6.93 அமுக்கம். வெட்டில் மூன்று கம்பிக்கு மேல் அகப்பட்டால் வெட்டை மாற்று.

தெரியாத கம்பி எல்லாவற்றையும் இழுவை என்றே வரைய வேண்டும். மைனஸ் வந்தால் அமுக்கம். பாதி இழுவை, பாதி அமுக்கம் என்று ஊகித்து வரைந்தால் அடுத்த மூட்டில் குறி குழம்பியே தீரும்.

ஏப்ரல் 9

பையன் ஒருவன்: "மாமா, விடைதான் சரியா வந்துடுச்சே, அப்புறம் எதுக்குப் படம்?"

விசைகளை அம்புகளாகக் காட்டும் படம் இல்லாமல் வந்த விடைக்கு என்னிடம் மதிப்பெண் கிடையாது. கடுமைதான். இருக்கட்டும்.

ஏப்ரல் 11

உராய்வு. 200 நியூட்டன் பெட்டி, நிலை உராய்வுக் கெழு 0.4, பக்கவாட்டில் 50 நியூட்டன் தள்ளல். வகுப்பே 200 × 0.4 = 80 என்று எழுதுகிறது. 80 என்பது உச்சவரம்பு. பெட்டி நகராதவரை உராய்வு தள்ளலுக்குச் சமம், 50 மட்டுமே. முதலில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு உராய்வைச் சமன்பாட்டில் கண்டுபிடி. பிறகு உச்சத்தோடு ஒப்பிடு. 'நழுவும் தறுவாயில்' என்று கேள்வியில் இருந்தால் மட்டும் நேரே கெழுவைப் பெருக்கலாம்.

ஏப்ரல் 14

சித்திரைப் பிறப்பு. திங்யான் (பர்மியப் புத்தாண்டு நீர்விழா). புத்தகம் திறக்கவில்லை.

ஏப்ரல் 17

மறுபடி ரோலர். தாங்கிகள் திருப்பித் தரும் விசைகளே ரியாக்‌ஷன்கள். ட்ரஸைச் சமன்பாடுகளால் தீர்க்க முடியுமா என்று பார்க்கும் எண்ணிக்கை: கம்பிகள் + ரியாக்‌ஷன்கள் = 2 × மூட்டுகள். எட்டாம் தேதி ட்ரஸ்: 7 + 3 (பின் இரண்டு, ரோலர் ஒன்று) = 10, மூட்டு 5, பொருந்துகிறது. பின்னை எடுத்துவிட்டு அ, இ, உ மூன்றின் கீழும் ரோலர் போட்டாலும் 7 + 3 = 10 தான்! ஆனால் மூன்று ரியாக்‌ஷனும் இணை. பக்கவாட்டில் ஒரு விரல் தள்ளினால் முழு ட்ரஸும் உருண்டுவிடும். எண்ணிக்கை பொருந்துவது அவசியம், போதுமானதல்ல. இந்த ஒரு வரிக்காக முழு மாலை போனது, போகட்டும்.

ஏப்ரல் 19

ஃப்ரேம், அதாவது கம்பியின் நடுவிலும் சுமை தாங்கும் சட்டகம். கம்பியின் நடுவில் சுமை விழுந்தால் விசை கம்பியின் நீளவாக்கிலேயே போகும் என்று எழுதக்கூடாது. இணைக்கும் பின்னில் கிடை, செங்குத்து என்று இரண்டு கூறுகள் வேண்டும். கழற்றிய இரு துண்டிலும் அவை எதிரெதிர் திசையில் வர வேண்டும். இருபுறமும் ஒரே திசையில் அம்பு போட்ட தாள்கள் இன்னும் மேசைமேல் கிடக்கின்றன.

ஏப்ரல் 20

சென்ட்ராய்டு (வடிவத்தின் மையப்புள்ளி) தொடங்கவில்லை. அதற்கு முன் உராய்வு, இன்னொரு தடவை.