டொல்பினின் ஃபான் இரைந்தால் முதலில் ரேடியேற்றரைப் பாருங்கள்

பழைய டீசல் வான் வைத்திருக்கிற ஆருக்கும் இந்த இரைச்சல் தெரியும். அக்சிலேற்றரை அமத்த அமத்த எஞ்சினை மேவிக்கொண்டு ஃபான் இரையும், காலை எடுத்தால் தணியும், திரும்ப அமத்தினால் திரும்ப ஏறும். டொல்பின் என்று நாங்கள் சொல்லுகிற டொயோட்டா ஹயேஸ் வானில் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழேயே கிடப்பதால் முன்னுக்கு இருக்கிற இரண்டு பேர் கதைக்கவே கத்த வேண்டும். இதோடு கராஜுக்குப் போனால் அநேகமாக வரும் பதில் ஒன்றுதான்: ஃபான் கிளச் போட்டுது, மாத்துங்கோ. அந்தப் பதிலை உடனே நம்பிக் காசைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சித்தப்பாவின் வான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த டொல்பின், 3எல் எஞ்சின், 2.8 லீற்றர் டீசல். கலியாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று வாடகைக்கு ஓடுகிற வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள், இடைப்பட்ட காலத்தில் இந்த மாதிரி வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. ஆகவே இருப்பதைப் பராமரிப்பதுதான் வழி. போன மாதம் அவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கிளச் மாத்தச் சொல்லிப்போட்டாங்கள், நீ ஒருக்காப் பாரடா" என்றார். நான் வண்டியைப் பார்க்க முதல் ஒரு கேள்வி கேட்டேன்.

"காலமை ஸ்ரார்ட் பண்ணேக்க எப்படி, சித்தப்பா?"

"அப்பவும் இரையும். ஆனா ஒழுங்கை கடந்து ரோட்டுக்கு ஏற அடங்கீடும். பேந்து சாவகச்சேரி தாண்டத்தான் திரும்பத் தொடங்குறது."

எனக்கு அதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. ஏன் என்று சொல்ல, இந்தக் கிளச் என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முந்தி எங்கள் ஊர் ரோட்டெல்லாம் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களில் ஃபான் நேரே வோட்டர் பம்மில் போல்ற் போட்டுப் பூட்டியிருக்கும். எஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும், நடுவில் வேறொன்றும் இல்லை. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடினபோதும் அந்த ஃபான் அப்படியேதான் சுற்றியது. டொல்பின் போன்ற வண்டிகளில் இரண்டுக்கும் நடுவில் ஒரு வட்டமான அலுமினியப் பெட்டி இருக்கிறது, அதுதான் ஃபான் கிளச், அதற்குள் தடித்த சிலிக்கன் எண்ணெய். ரேடியேற்றரின் பக்கம் பார்த்த முகத்தில் சுருள் மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். ரேடியேற்றருக்குள்ளால் வருகிற காற்று சூடானால் அந்தத் தகடு விரிந்து உள்ளே இருக்கிற வால்வைத் திறக்கும், எண்ணெய் பாய்ந்து ஃபானை இறுக்கிப் பிடிக்கும், ஃபான் கிட்டத்தட்ட பம்மின் வேகத்துக்கே சுற்றும். காற்று குளிர்ந்தால் வால்வு மூடும், எண்ணெய் திரும்பித் தன் இடத்துக்குப் போகும், ஃபான் வழுக்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். இரவு முழுக்க நின்ற வண்டியில் எண்ணெய் தட்டுகளுக்கு நடுவே வடிந்து கிடப்பதால் காலையில் முதல் ஓரிரு நிமிடம் இரைவது இயல்பு. அது பழுதே இல்லை.

ஆக, காலையில் அடங்குகிற கிளச் விடத் தெரிந்த கிளச். இறுகிப்போன கிளச் என்றால் காலையும் இரையும், மத்தியானமும் இரையும், மழைக்குள்ளும் இரையும். சித்தப்பாவின் கிளச் சூடான காற்றுப் பட்டபிறகுதான் பிடிக்கிறது, அதுதான் அதன் வேலை. பிறகு ஏன் விடமாட்டேன் என்கிறது? ஏ9 வீதியில் அறுபதில் ஓடும்போது முன்னாலிருந்து வருகிற காற்றே போதும், அதுவும் ஆனையிறவு வெட்டையில் அடிக்கிற காற்றுக்கு ஃபான் தேவையே இல்லை. அங்கேயும் இரைந்தால் ரேடியேற்றர் சூட்டைக் கழிக்க முடியாமல் திண்டாடுகிறது என்று அர்த்தம். வெப்பமுள் நடுவில் நிற்கிறதே என்று பேசாமல் இருக்க வேண்டாம். ஃபான் முழு மூச்சாக ஓடுவதால்தான் அது நடுவில் நிற்கிறது. கிளச்சை மாற்றியிருந்தால் புதியதும் இதே மாதிரிதான் இரைந்திருக்கும்.

இருந்தாலும் மற்றவற்றையும் பார்த்தோம். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபானைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சூடான எஞ்சினில் கொஞ்சம் தடை தந்து உடனே நிற்க வேண்டும். தட்டிவிட்டதும் பல சுற்றுச் சுற்றினால் எண்ணெய் போய்விட்டது, அசையவே மறுத்தால் இறுகிவிட்டது. அடுத்ததாக இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் கிளச்சின் பேரிங்கோ வோட்டர் பம்மின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. பம்மின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதிலிருந்து தண்ணி வடிந்த வெள்ளைத் தடம் இருந்தால் பம் போகப் போகிறது. அப்படி ஆடுகிற ஃபானோடு தூரம் ஓட வேண்டாம், கழன்றால் ரேடியேற்றரையே கிழித்துவிடும்.

சத்தத்தின் வகையையும் காது பிடிக்க வேண்டும். காற்று இரைவது வேறு, பேரிங் உறுமுவது வேறு. கீச்சென்று கத்தினால் பெல்ற். ஓடும் எஞ்சினில் தூர நின்று பெல்ற்றில் கொஞ்சம் தண்ணி தெளித்தால் சத்தம் மாறும். டக் டக் என்று அடித்தால் இறக்கை வெடித்திருக்கலாம், அல்லது எஞ்சின் மவுன்ற் இருந்துபோய் ஃபான் சுற்றுக் கவரில் உரசலாம். ஒன்றும் பிடிபடாவிட்டால் பெல்ற்றைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஒரு நிமிடத்துக்குக் குறைவாக ஓடவிடுங்கள், பம் சுற்றாததால் அதற்கு மேல் விடக்கூடாது. சத்தம் நின்றால் ஃபான், பம், அல்ரனேற்றர் இவற்றில் ஒன்று. நிற்காவிட்டால் எஞ்சினுக்குள்ளே தேட வேண்டும். இவ்வளவு பார்க்கும்போதும் சாரத்தோடோ தோளில் துவாயோடோ ஓடுகிற ஃபானுக்குக் கிட்டப் போகாதீர்கள். மின்சார ஃபான் உள்ள கார் என்றால் இன்னும் கவனம், எஞ்சின் நின்ற பிறகும் அது தானாகச் சுற்றத் தொடங்கும்.

எங்கள் வண்டியில் இதெல்லாம் சரியாகவே இருந்தது. முன்பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஏசி கொண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் செம்மண்ணும் புல்லும் பூச்சியும் மெத்தை மாதிரி அடைந்து கிடந்தது. வலிகாமத்துத் தோட்டத்து ஒழுங்கைகளில் ஓடுகிற வண்டிக்கு இது வராமல் இராது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணி அடித்துக் கழுவினோம். வேகமாக அடித்தால் தகடுகள் மடியும், பூவாளி அளவு வேகமே போதும். சத்தம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. ரேடியேற்றரைக் கழற்றிக் கொண்டுபோனோம்.

ரேடியேற்றர் வேலை செய்கிற அண்ணை தொப்பியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி என்ன விடுறனீங்கள்?"

"கிணத்துத் தண்ணிதான்."

"பேந்தென்ன!"

யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிற ஊர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு ரேடியேற்றரின் குழாய்களிலும் படிகிறது, குழாயோ மிக ஒடுக்கமானது. மேல் தாங்கியைக் கழற்றியதும் பார்த்தேன், ஒரு பக்கத்துக் குழாய்கள் முற்றாக அடைத்துக் கிடந்தன. செம்பு ரேடியேற்றர் என்பதால் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் கம்பி விட்டு இழுத்து, திரும்ப ஈயம் வைத்து ஒட்ட முடிந்தது. பிளாஸ்ரிக் தாங்கி வைத்த அலுமினிய ரேடியேற்றரில் இந்த வேலை செய்ய வராது, மாற்றத்தான் வேண்டும். இப்போது காய்ச்சி வடித்த தண்ணியும் கூலன்ற்றும் பாதிக்குப் பாதி விட்டிருக்கிறோம். கூலன்ற் கொதிநிலையை உயர்த்தும், துருவையும் தடுக்கும். வழியில் அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணி விட வேண்டி வந்தால் விடுங்கள், ஆனால் வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

வண்டி இப்போது காலையில் கொஞ்ச நேரம் இரைகிறது, பிறகு அடங்கி கிளிநொச்சி வரைக்கும் அடங்கியே போகிறது. நல்லூர் வெளிவீதி நெரிசலில் நின்று நின்று போனால் இரையும், நெரிசல் இல்லாத ரோட்டுக்கு வந்தால் விட்டுவிடும். இதில் டீசலும் மிச்சம், ஏனென்றால் ஃபானின் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்ற வேண்டிய சக்தி எட்டு மடங்கு.

ரேடியேற்றர் சுத்தம், காலையிலும் அடங்கவில்லை என்றால் அப்போது கிளச்சை மாற்றுங்கள், நான் தடுக்கவில்லை. பழைய சாமான் கடையில் வாங்குவதாக இருந்தால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எண்ணெய் கசிந்த கோடு இருக்கிறதா, முன் தகட்டுச் சுருள் வளைந்திருக்கிறதா, பேரிங் ஆடுகிறதா என்று மூன்றையும் பாருங்கள். படுக்கப்போட்டு வைத்திருக்கிற கிளச்சில் எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்துபோகும், ஆகவே குவியலுக்குள் கிடக்கிறதை எடுக்காமல் நிமிர்த்தி வைத்திருக்கிற ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.